ஆன்லைன் லைசென்ஸ் எக்ஸாமுக்கு ப்ராக்டரிங் ரேட் போடுறது எப்படி: ஒரு கும்பகோணத்து கணக்கு

எங்க சித்தப்பா சமையல் கான்ட்ராக்ட் எடுக்குறவர், வலங்கைமான் சுத்துவட்டாரத்துல கல்யாணம் காதுகுத்துன்னா முக்காவாசி அவர் கைதான். அவர்கிட்ட யாராச்சும் "இலைக்கு எவ்ளோ"ன்னு கேட்டா உடனே வாயைத் திறக்க மாட்டார், எத்தனை இலை, எத்தனை பந்தி, மண்டபத்துல தண்ணி எப்படி, முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு இவர் நாலு கேள்வி கேப்பார், அப்புறம் "முன்னூறு இலை சொல்லிட்டு இருநூத்தம்பது பேர் வந்தாலும் முன்னூறுக்குதான் காசு"ன்னு சொல்லி வச்சுட்டுத்தான் ரேட்டே வெளிய வரும். நான் கும்பகோணத்துல பன்னெண்டு சீட் போட்டு ப்ராக்டரிங் ரூம் நடத்துறேன், அதாவது வீட்ல உக்காந்து ஆன்லைன்ல லைசென்ஸ் பரீட்சை எழுதுறவங்கள இங்கேர்ந்து கேமரால கண்காணிக்கிற வேலை. கண்காணிக்கிற ஆள்தான் ப்ராக்டர், சீட்னா அவர் உக்கார்ற இடம். மொத ஒன்றரை வருஷம் ஃபுல்லா நஷ்டம். பக்கத்துலயே இப்படி ஒரு வாத்தியாரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணேன்னா, நெட்ல மத்தவங்க ரேட்டைப் பாத்து அதுல பத்து ரூபா கொறச்சு போட்டேன், அவ்ளோதான் என் பிசினஸ் மூளை.

இப்ப நம்ம பக்கம் நிறைய பேர் இதை ஆரம்பிக்கிறாங்க, மன்னார்குடியிலேர்ந்து ஒரு தம்பி ரேட் ஷீட் எப்படி போடுறதுண்ணேன்னு கேட்டான், அவனுக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொல்லி சொல்லி தொண்டை கட்டிப்போச்சு, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

மொதல்ல நீங்க எந்த படியில நிக்கிறீங்கன்னு பாருங்க. லைசென்ஸ் எக்ஸாம்ல மேல ஒரு ஒழுங்குமுறை அமைப்பு, அதுக்கு கீழ பரீட்சை நடத்துற அமைப்பு, அதுக்கு கீழ சாஃப்ட்வேர் வச்சிருக்கிற பிளாட்ஃபார்ம் கம்பெனி, அதுக்கும் கீழதான் நாம. கேண்டிடேட் கட்டுற ஃபீஸ் ஒண்ணு, அதுக்குள்ள நம்ம பங்கு ஒண்ணு, ரெண்டையும் போட்டு குழப்பிக்கக் கூடாது. கேண்டிடேட் ஆயிரத்து ஐநூறு கட்டுறாரே நமக்கு முன்னூறு கேட்டா என்ன தப்புன்னு நான் ஒரு மீட்டிங்ல பேசி அசிங்கப்பட்டிருக்கேன். அந்த ஆயிரத்து ஐநூறுல கேள்வித்தாள் தயாரிக்கிறது, சர்டிஃபிகேட், அலுவலகச் செலவு எல்லாம் கெடக்கு, நம்ம ரேட்டுக்கு ஆதாரம் நம்ம செலவுதானே ஒழிய அவங்க வசூல் இல்ல. இன்னொரு விஷயம், இந்த மாதிரி பரீட்சைல ஃபீஸை அந்த அமைப்பு அறிவிப்பு போட்டுத்தான் மாத்த முடியும், நடு வருஷத்துல நீங்க "டீசல் விலை ஏறிடுச்சு சார்"னு போனா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அதனால மொத தடவை போடுற ரேட்டு வருஷம் பூரா கூட வரும்னு நெனச்சு போடணும்.

இப்ப கணக்குக்கு வரேன். எல்லாத்துக்கும் அடி ஒரே ஒரு எண்ணுதான், ஒரு சீட் ஒரு மணி நேரம் ஓடினா நமக்கு உண்மையில என்ன செலவு. இதை நான் சீட்-ஹவர்னு சொல்றேன். இது தெரியாம வேற எந்த எண்ணைத் தொட்டாலும் வீண். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க இல்ல, அது.

உதாரணத்துக்கு ரவுண்டா எண் போட்டு காட்டுறேன், நீங்க உங்க எண்ணைப் போட்டுக்கங்க. ஒரு ப்ராக்டருக்கு சம்பளம் 16,000. பத்து பேர் ஆனாலே இஎஸ்ஐ வந்துடும், முதலாளி பங்கு 3.25 சதவீதம், அது 520. தீபாவளிக்கு ஒரு மாச சம்பளம் போனஸ்னா மாசத்துக்கு 1,333 எடுத்து வைக்கணும். ஆக ஒரு ஆளுக்கு 17,850 கிட்ட. இருபது பேர் ஆனா பிஎஃப்பும் சேரும், அப்ப அதையும் கூட்டிக்கங்க. இப்ப மாசம் 25 நாள் எட்டு மணி நேரம்னா 200 மணி நேரம்னு கணக்கு வரும், ஆனா அந்த 200ஐ வச்சு வகுத்தீங்கன்னா அங்கயே போச்சு. லீவு இருக்கு, ட்ரெயினிங் இருக்கு, ஷிஃப்ட் மாத்துறது இருக்கு, ரெண்டு மணி நேரம் ஆறு மூஞ்சியை உத்துப் பாத்தா கண்ணு எரியும் அதுக்கு ரெஸ்ட் குடுக்கணும், அப்படி இப்படி போக திரைக்கு முன்னாடி நிஜமா உக்கார்றது 140 மணி நேரம்தான். 17,850ஐ 140ஆல வகுத்தா 127 ரூபா சில்லறை.

அப்புறம் ரூமோட செலவு. வாடகை 18,000, ரெண்டு நெட் லைன் 5,000, கரண்ட் 14,000 (ஏசி இல்லாம பன்னெண்டு கம்ப்யூட்டர் ஓடாதுங்க சித்திரை மாசத்துல), ஜெனரேட்டர் டீசலும் பேட்டரி மாத்துறதுக்கு எடுத்து வைக்கிறதும் 5,000, கம்ப்யூட்டர் ரெண்டு மானிட்டர் யூபிஎஸ் எல்லாம் சேத்து சீட்டுக்கு 50,000 வீதம் ஆறு லட்சம், அதை நாலு வருஷத்துல கழிச்சா மாசம் 12,500, சூப்பர்வைசர் 28,000, டெக்னிக்கல் பையன் 22,000, ஆடிட்டர் 3,500, டீ தண்ணி சில்லறை 4,000. மொத்தம் 1,12,000. பன்னெண்டு சீட் தலா 140 மணி நேரம்னா 1,680, அதால வகுத்தா 67 ரூபா கிட்ட. ஆள் செலவோட கூட்டினா சீட்-ஹவர் 194.

இங்கதான் பாதி பேர் நிறுத்திடுறாங்க, நானும் நிறுத்தினேன். 194ங்கிறது எல்லா சீட்டும் எப்பவும் ஃபுல்லா ஓடினா வர்ற எண். அப்படி எந்த ரூமும் ஓடாது. சனி ஞாயிறு அடிதடியா இருக்கும், செவ்வாய்க்கிழமை காலைல ஈ ஓட்டிக்கிட்டு இருப்போம். என் ரெஜிஸ்டரைப் பாத்தா ஒரு மாசத்துல சராசரியா 65 சதவீதம்தான் நெறையுது. காலி சீட்டோட செலவையும் நெறஞ்ச சீட்டுதான் சுமக்கணும், அதனால 194ஐ 0.65ஆல வகுங்க, 300 ரூபா கிட்ட வரும். இதுதான் நெஜம். நான் ஆரம்பத்துல சீட்-ஹவர் 130ன்னு நெனச்சுக்கிட்டு ரேட் போட்டேன், ஒன்றரை வருஷ நஷ்டத்துக்கு வேற ஆராய்ச்சியே தேவையில்ல.

அடுத்தது ஒரு எக்ஸாம் எத்தனை சீட்-ஹவர் தின்னுது. மியூச்சுவல் ஃபண்ட் டிஸ்ட்ரிபியூட்டர் ஆகணும்னா எழுதுற என்ஐஎஸ்எம் சீரீஸ் ஃபைவ்-ஏ இருக்கே, 100 கேள்வி 2 மணி நேரம், அந்த அளவை எடுத்துக்குவோம் (இது நான் நடத்துறது இல்ல, அளவு எல்லாருக்கும் புரியும்னு சொல்றேன்). எக்ஸாம் ரெண்டு மணி நேரம்னா நம்ம சீட்டுக்கும் ரெண்டு மணி நேரமா? இல்ல. ஐடி கார்டை கேமராவுல காட்டச் சொல்றது, மூஞ்சியோட ஒத்துப் பாக்குறது, ரூமை சுத்திக் காட்டுறது, மேஜைக்கு அடியில காட்டுறது, ரெண்டாவது மானிட்டரை கழட்டச் சொல்றது, "சார் மைக் வரல"ன்னு ஒருத்தர், "ஆதார் மாமியார் வீட்ல இருக்கு"ன்னு ஒருத்தர், இதுக்கு 20 நிமிஷம். முடிஞ்சப்புறம் ரிப்போர்ட் எழுத 10 நிமிஷம். ஆக 150 நிமிஷம், ரெண்டரை மணி நேரம். 300 ரூபா வீதம் 750.

ஒரு ப்ராக்டர் ஆறு பேரைப் பாக்குறார்னா ஆளுக்கு 125. ஆனா இலைக் கணக்கை மறந்துடாதீங்க, ஆறு பேர் புக் பண்ணா எங்க அனுபவத்துல ஒருத்தர் வரமாட்டார். அப்ப 750ஐ அஞ்சாலதான் வகுக்கணும், 150. அதோட பிளாட்ஃபார்ம்காரனுக்கு செஷனுக்கு குடுக்கிறது 60ன்னு வைங்க, ரெக்கார்டிங் வச்சிருக்கிறதும் ஹெல்ப்லைனும் 25. மொத்தம் 235 செலவு. இதுல இருபது சதவீதம் லாபம் வேணும்னா 235ல இருபது சதவீதத்தைக் கூட்டி 282ன்னு போடக்கூடாது, அப்படிப் போட்டா விக்கிற விலையில லாபம் 17 சதவீதத்துக்கும் கம்மி. 235ஐ 0.8ஆல வகுக்கணும், 294 வரும், 295ன்னு வச்சுக்கலாம். எங்க சித்தப்பாவுக்கு இந்த சதவீதக் கணக்கு தெரியாது, ஆனா அவர் "அஞ்சு ரூபா வாங்குனா ஒரு ரூபா வீட்டுக்கு வரணும்"பார், அது இதேதான்.

இப்ப ஒரு க்ளையண்ட் வந்து எங்களோடது ஒரு மணி நேர எக்ஸாம்தான், பாதி ரேட் போடுங்கம்பான். கண்டிப்பா கேப்பான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் எழுதுற ஐசி-38 மாதிரி, 50 கேள்வி ஒரு மணி நேரம். கணக்கைப் போடுங்க, செக்-இன் 20, எக்ஸாம் 60, முடிக்க 10, ஒன்றரை மணி நேரம், 450 ரூபா, அஞ்சால வகுத்தா 90, கூட அதே பிளாட்ஃபார்ம், ரெக்கார்டிங் செலவு 85, மொத்தம் 175, 0.8ஆல வகுத்தா 219. பாதி ரேட்னா 147 வரணும், நம்ம செலவே 175! அரை வயித்துக்கு சாப்புட்டு எந்திரிச்சாலும் இலை ஒரு இலைதானே, போட்டவன் போட்டதுதான், எடுக்கிறவன் எடுக்கத்தான் செய்யணும். அதனால மணி நேரத்துக்கு இவ்ளோன்னு ரேட் போடாதீங்க. செஷனுக்கு ஒரு அடிப்படை, அதுக்கு மேல அரை மணி நேரத்துக்கு இவ்ளோன்னு ரெண்டா பிரிச்சு போடுங்க, பேரம் பேசும்போது கை கட்டிப்போகாம இருக்கும். நாலு மணி நேர எக்ஸாம்னா பாத்ரூம் பிரேக்குக்கு மாத்து ஆள் வேணும், அதையும் சேக்கணும்.

ஒருத்தர் எத்தனை பேரைப் பாக்குறாருங்கிறதுதான் ரேட்டோட உயிர் நாடி. போன வருஷம் ஒரு இடத்துல எங்க ரேட்டை விட பாதிக்கும் கம்மியா ஒருத்தர் போட்டுட்டார்னு க்ளையண்ட் என்னை ஒரு மாதிரி பாத்தார். நான் ஒரே கேள்வி கேட்டேன், அவங்க ஒரு ஆளுக்கு எத்தனை பேர்னு கேளுங்க சார்னு. இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு மூஞ்சியை ஒரு ஆள் எப்படிங்க பாப்பான், அது கண்காணிப்பு இல்ல, டிவி ஷோரூம்ல நிக்கிற மாதிரி. அதனால உங்க ரேட் ஷீட்ல ரேட்டுக்குப் பக்கத்துலயே இந்த எண்ணை எழுதுங்க. ஒருத்தருக்கு ஒருத்தர்னு கேட்டா மேல சொன்ன ரெண்டு மணி நேர எக்ஸாமுக்கு, வராதவங்க கணக்கையும் சேத்தா 900 ரூபா ஆள் சீட்டு செலவே வருது, 85 கூட்டி 0.8ஆல வகுத்தா 1,230. இது ரொம்பன்னு தோணும். செக்-இன் மட்டும் ஒருத்தருக்கு ஒருத்தர், எக்ஸாம் ஆரம்பிச்சதும் ஆறு பேருக்கு ஒருத்தர்னு ஒரு நடு வழி சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, ஆள்மாறாட்டம் நடக்குறதே அந்த முதல் இருபது நிமிஷத்துலதான்.

"மனுஷனே வேணாம், ரெக்கார்ட் பண்ணிட்டு சாஃப்ட்வேர் சந்தேகம்னு காட்டுற இடத்தை மட்டும் பாருங்க, சீப்பா முடியும்ல" அப்படின்னும் வரும். முடியும், ஒரு செஷனுக்கு 15 நிமிஷம் பாத்தா போதும்னா 75 ரூபா, கூட 85, 160, லாபத்தோட 200. ஆனா நம்ம ஊர் வீடுங்க எப்படி இருக்குன்னு அந்த சாஃப்ட்வேர் எழுதினவனுக்குத் தெரியாது. ஆடி மாசம் அம்மன் கோயில் ஸ்பீக்கர், நடு ஹால்ல உக்காந்து எழுதுறவர் பின்னாடி அப்பாயி தண்ணிக் குடத்தோட போறது, கரண்ட் போய் ஃபேன் நின்னதும் கேண்டிடேட் மேல அண்ணாந்து பாக்குறது, எல்லாத்துக்கும் சிவப்புக் கொடி. ஒரு செஷனுக்கு 40 நிமிஷம் பாக்க வேண்டி வந்துது. 40 நிமிஷம்னா 200 ரூபா, கூட 85, 285, லாபத்தோட 356. லைவா ஆள் வச்சு பாக்குற 295ஐ விட ஜாஸ்தி! சீப்னு சொல்லி எடுத்த வேலை இப்படி கடிச்சுது. இப்ப ரேட் ஷீட்ல "20 நிமிஷ ரிவ்யூ வரைக்கும் இந்த ரேட்டுல அடக்கம், அதுக்கு மேல ஒவ்வொரு 5 நிமிஷத்துக்கும் 30 ரூபா"ன்னு எழுதி வச்சிருக்கேன், அதுக்குத் தகுந்தாப்ல அடிப்படை ரேட்டும் 20 நிமிஷத்துக்கு கணக்கு பண்ணி 230. இதுல மனுஷனே பாக்காம சாஃப்ட்வேர் சொன்னதை வச்சே ஃபெயில் போடுறதுங்கிற வேலைக்கு எந்த ரேட்டுக்கும் போகாதீங்க, ப்ராக்டர்யூ மாதிரி பெரிய கம்பெனியே 2021ல வெறும் ஏஐ மட்டும் வச்சு கண்காணிக்கிற சேவையை விக்கிறதை நிறுத்திட்டாங்க. லைசென்ஸ்ங்கிறது ஒருத்தர் சோறு, ஃபேன் நின்னதுக்கெல்லாம் அதுல மண்ணைப் போட முடியாது.

வராதவங்க, தேதி மாத்துறவங்க விஷயத்தை கொஞ்சம் விரிவாவே சொல்றேன், இதுலதான் காசு ஒழுகுது. 48 மணி நேரத்துக்கு முன்னாடி மாத்தினா இலவசம், அந்த சீட்டை வேற ஆளுக்கு குடுத்துடலாம். 48க்கும் 24க்கும் நடுவுல பாதி. 24க்குள்ள மாத்தினாலோ சொல்லாம வராம போனாலோ முழுசு. இது என் ரூல், உங்க வசதிக்கு மாத்திக்கங்க, ஆனா எழுதி வைங்க. இதுல ஒரு கேள்வி வரும், வராதவங்ககிட்ட முழு காசும் வாங்குறோம், அப்ப ஆறுக்கு பதிலா அஞ்சால வகுத்து மறுபடி ஏன் ஏத்துறோம், ரெட்டை வசூல் இல்லையான்னு. நியாயமான கேள்வி. க்ளையண்ட் வராதவங்களுக்கும் காசு குடுக்க ஒத்துக்கிட்டா ஆறாலயே வகுங்க, ரேட் 295லேர்ந்து 265க்கு வந்துடும். ரெண்டுல ஏதாவது ஒண்ணுதான், ரெண்டையும் சேத்து போட்டா நாளைக்கு அவங்க கணக்குப்பிள்ளை கண்டுபிடிச்சா மானம் போயிடும். எக்ஸாமுக்கு ரெண்டு நாள் முன்னாடி வாட்ஸப்ல ஒரு மெசேஜ், சிஸ்டம் செக் பண்ணிக்க ஒரு லிங்க், இதுக்கு தனியா காசு வாங்காதீங்க, அனுப்ப ஆரம்பிச்சதுலேர்ந்து செக்-இன் பிரச்சனையும் கொறஞ்சுது வராதவங்களும் கொறஞ்சாங்க.

மாற்றுத்திறனாளி கேண்டிடேட்டுக்கு கூடுதல் நேரம் குடுக்கணும், மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிஷத்துக்கு கொறையாம. மூணு மணி நேர எக்ஸாம் அவங்களுக்கு நாலு மணி நேரம். அந்த செலவை அந்த கேண்டிடேட் தலையில வைக்கக்கூடாது, வருஷத்துக்கு எத்தனை பேர் அப்படி வர்றாங்கன்னு பாத்து எல்லார் ரேட்டுலயும் ஓரிரண்டு ரூபாயா பரவ விட்டுடுங்க. இதுல பேச்சே வேணாம்.

டிஸ்கவுண்ட் கேப்பாங்க. நெறைய கேண்டிடேட் தரோம் கொறைங்கன்னு. எண்ணிக்கைக்கு கொறைக்காதீங்க, நாளுக்கு கொறைங்க. சித்தப்பா தை, ஆவணி முகூர்த்தத்துல ஒரு ரூபா கொறைக்க மாட்டார், அதே ஆடி மாசத்துல கூப்ட்டா பாயசத்தை சும்மாவே சேத்து தருவார். நமக்கு சனி ஞாயிறு முகூர்த்த நாள், செவ்வாய் புதன் ஆடி மாசம். செவ்வாய் புதன் ஸ்லாட்டுக்கு 15 சதவீதம் கொறச்சு போட்டு காலி சீட்டை நெரப்புங்க, அந்த 65 சதவீதம் 75 ஆச்சுன்னா சீட்-ஹவர் 300லேர்ந்து 260க்கு வந்துடும், அந்த லாபம் உங்களுது. மாச எண்ணிக்கை சொன்னாங்கன்னா அதுல 70 சதவீதத்துக்கு குறைஞ்சபட்ச பில்லுன்னு எழுதி வாங்கிக்கங்க. முன்னூறு இலை கதைதான்.

ராத்திரி வேலை, அதாவது அமெரிக்கா எக்ஸாம். நியூயார்க்ல காலை 9 மணின்னா வெயில் காலத்துல நமக்கு சாயங்காலம் 6.30, அவங்க கடிகாரத்தை மாத்திட்டா 7.30. பகல்ல நம்ம ஊர் எக்ஸாம் ஓடின அதே சீட் சாயங்காலம் மறுபடி சம்பாதிக்கும், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்ககிட்ட வேலை பாக்குறதுல பாதிக்கு மேல பொண்ணுங்க, சுவாமிமலை, பாபநாசம், திருவிடைமருதூர்னு சுத்து ஊர்க்காரங்க, கடைசி பஸ் போனப்புறம் வேன் வச்சு வீட்டு வாசல்ல விடணும். வேனும் ராத்திரி படியும் சேந்தா எங்களுக்கு சீட்-ஹவர் 350 ஆகுது. அவங்க தேதி மாத்துற சட்டமும் வேற மாதிரி இருக்கும், செக்-இன்ல என்ன கேக்கலாம் கேக்கக்கூடாதுங்கிறதும் மாறும். 2022ல ஒஹையோ மாநிலத்துல ஒரு ஃபெடரல் கோர்ட், அரசு பல்கலைக்கழகம் மாணவரோட ரூமை கேமராவுல சுத்திக் காட்டச் சொன்னது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. இப்படி ஒரு தீர்ப்பு வந்தா நம்ம 20 நிமிஷ செக்-இன் ஒரே நாள்ல மாறலாம், அதனால "செக்-இன் முறை மாறினா ரேட் மறுபரிசீலனை"ன்னு ஒரு வரி போட்டு வைங்க.

இனி எனக்கு வலிச்ச கதை. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறக்குறதுக்கு முன்னாடி நம்ம பக்கம் வாய்க்கால் வடிகால் எல்லாம் தூர்வாருவாங்க இல்ல, ஒரு மே மாசம், சனிக்கிழமை காலை, மூணு ப்ராக்டர் பதினெட்டு கேண்டிடேட் எக்ஸாம் ஓடிக்கிட்டு இருக்கு, ஜேசிபி ஒரு கை போட்டுச்சு, நெட் அவுட். ரெண்டு லைன் வச்சிருக்கேனே, அது எங்கன்னு பாத்தா அதுவும் அவுட். ரெண்டு வேற வேற கம்பெனி, ஆனா ரெண்டு கேபிளும் ஒரே வடிகால் கரையோரம் வந்திருக்கு. அன்னைக்குத்தான் புரிஞ்சுது, ஒரே வழியில வந்தா அது ரெண்டு லைன் இல்ல, ஒரு லைனுக்கு ரெண்டு பில்லு. பதினெட்டு பேருக்கும் மறுபடி இலவசமா எக்ஸாம், சீட்டு செலவு 2,250, பிளாட்ஃபார்முக்கு 1,080, அதுக்கு மேல அந்த க்ளையண்ட் அன்னிக்கு செஷனுக்கான பில்லையும் கழிச்சுட்டார், அப்ப எங்க ரேட் 180, 3,240 போச்சு. மொத்தம் 6,570. ஒப்பந்தத்துல யார் தப்புக்கு யார் குடுக்கணும்னு ஒரு எழுத்து இல்ல, யார்கிட்ட போய் கேக்குறது, ஜேசிபிகிட்டயா.

அதுலேர்ந்து ரேட் ஷீட்டுக்கு அடியிலயே இதை சேத்துட்டேன்: எங்க பக்கம் நெட்டோ கரண்டோ போனா மறு எக்ஸாம் எங்க செலவு, ஆனா மூல பில் கழிக்கக்கூடாது. பிளாட்ஃபார்ம் படுத்துட்டா பிளாட்ஃபார்ம்காரர் செலவு, எங்க சீட்டுக்கு முழு காசு. கேண்டிடேட் பக்கம் நெட் போனா 10 நிமிஷம் வரைக்கும் காத்திருப்போம், அதுக்கு மேலன்னா மறு புக்கிங், அதுக்கு பாதி ரேட். புயல், வெள்ளம்னா யாருக்கும் அபராதம் இல்ல, தேதி மட்டும் மாறும். கடைசி வரி சும்மா போட்டது இல்லங்க. 2018 நவம்பர் 16ல கஜா அடிச்சப்புறம் வேதாரண்யம் பக்கமெல்லாம் எத்தனை நாள் கரண்ட் இல்லாம கெடந்துதுன்னு நமக்குத் தெரியும், ஐப்பசி கார்த்திகையில நம்ம ஊர்ல ரூம் வச்சிருக்கிறவன் அந்த வரி இல்லாம கையெழுத்து போடக்கூடாது. மழை மூணு மாசத்துக்குன்னு நான் ஒவ்வொரு செஷன்லேர்ந்தும் அஞ்சு ரூபா தனி அக்கவுண்ட்ல போட்டு வைக்கிறேன், அதுவும் செலவுக்குள்ள சேர்த்தி. மூணாவது லைனா சிம் போட்ட ரவுட்டர் ஒண்ணு.

ரெக்கார்டிங் எத்தனை நாள் வைக்கணும்னு ஆரம்பத்துலயே கேளுங்க. 90 நாளுக்கு ஒரு ரேட், அதுக்கு மேல மாசத்துக்கு தனி ரேட். மூஞ்சி, வீடு, ஆதார் எல்லாம் இருக்கிற வீடியோ அது, 2023ல வந்த தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்துல பாதுகாக்கத் தவறினா 250 கோடி வரைக்கும் அபராதம்னு இருக்கு, நம்ம சைஸுக்கு அந்த எண்ணைப் படிச்சாலே போதும். சும்மா வச்சிருப்போம்னு வச்சுக்காதீங்க, நாள் முடிஞ்சா அழிச்சுட்டு அழிச்சதுக்கு ஒரு மெயில் போட்டுடுங்க.

வரி சுருக்கமா. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், பன்னெண்டு சீட் ரூம்னா தாண்டிடும். 18 சதவீதம், 295க்கு 53 ரூபா பத்து காசு, ஆக பில் 348.10. க்ளையண்ட் அந்த வரியை திரும்ப எடுத்துக்க முடிஞ்ச கம்பெனியா இருந்தா அவருக்கு 295தான் செலவு, எடுத்துக்க முடியாத அமைப்பா இருந்தா அவர் கண்ணுக்கு 348தான் தெரியும், பேரம் பேசும்போது அவர் எந்த எண்ணைப் பாத்து பேசுறாருன்னு தெரிஞ்சுக்கங்க. ரேட்டுக்கு பக்கத்துல "ஜிஎஸ்டி தனி"ன்னு எழுத மறந்தீங்கன்னா உங்க லாபம் அப்படியே வரியா போயிடும், ஒரு நண்பர் அப்படி ஒரு வருஷம் ஓட்டினார். வெளிநாட்டு க்ளையண்ட்னா எல்யூடின்னு ஜிஎஸ்டில ஒரு உறுதிக் கடிதம், அதைப் போட்டுட்டா ஜிஎஸ்டி கட்டாம ஏற்றுமதியா பில் போடலாம், ஆடிட்டர்கிட்ட விடுங்க. கேண்டிடேட்கிட்டேர்ந்து நேரா வாங்குறதா இருந்தா கார்டு பேமெண்டுக்கு கேட்வேகாரன் ரெண்டு சதவீதம் கிட்ட எடுப்பான், ரீஃபண்ட் குடுத்தாலும் அது திரும்பி வராதுன்னு வச்சு கணக்கு போடுங்க.

காசு எப்ப வரும்ங்கிறதும் ரேட்டுல ஒரு பங்குதான். சம்பளம் ஒண்ணாம் தேதி குடுத்தாகணும், மேல சொன்ன கணக்குல மாசச் செலவு 3,26,000. உத்யம்னு குறு சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு ஒண்ணு இருக்கு, அதைப் பண்ணி வச்சுக்கங்க, இலவசம்தான், குறு சிறு தொழில் சட்டப்படி வாங்குறவர் 45 நாளுக்குள்ள குடுத்தாகணும்னு இருக்கு, இன்வாய்ஸ்லயே உத்யம் நம்பரைப் போடுங்க. 15 நாள்ல குடுத்தா ரெண்டு சதவீதம் கொறைப்பேன்னு ஒரு ஆசை காட்டினேன், ரெண்டு க்ளையண்ட் அதுல சரியா குடுக்குறாங்க. வட்டிக்கு வாங்கி சம்பளம் போடுறதை விட அந்த ரெண்டு சதவீதம் லாபம்.

ரேட் எப்ப ஏத்துறது? ஒப்பந்தத்துலயே ஏப்ரலுக்கு ஏப்ரல் இத்தனை சதவீதம்னு எழுதிடுங்க, இல்லன்னா ஒவ்வொரு வருஷமும் கல்யாணப் பேச்சு மாதிரி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். சம்பளம் ஏறிக்கிட்டேதான் இருக்கு, தஞ்சாவூர்ல 2024ல மினி டைடல் பார்க் திறந்ததுலேர்ந்து நல்லா இங்கிலீஷ் பேசுற பிள்ளைங்களுக்கு வேற வாசல் திறந்திருக்கு, 16,000க்கு நிக்க மாட்டாங்க, நிக்கணும்னு நாம எதிர்பாக்குறதும் சரியில்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சீட்-ஹவரை மறுபடி போட்டுப் பாருங்க, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிகிரி காபியோட உக்காந்தா ஒரு மணி நேர வேலை.

ரேட் ஷீட்டை ஒரே பக்கத்துல முடிங்க. எக்ஸாம் நேரம், ஒருத்தருக்கு எத்தனை பேர், செஷன் ரேட், கூடுதல் அரை மணிக்கு எவ்ளோ, செவ்வாய் புதன் ரேட், மாத்துற விதி, யார் தப்புக்கு யார் பொறுப்பு, ரெக்கார்டிங் எத்தனை நாள், ஜிஎஸ்டி தனி. அடியில "இந்த ரேட் 30 நாளைக்கு மட்டும் செல்லும்"னு தேதியோட போடுங்க, ஏன்னா ஒருத்தர் பதினாலு மாசம் கழிச்சு பழைய பேப்பரை எடுத்துட்டு வந்து இதான் நீங்க சொன்ன ரேட்டுன்னு நின்னார்.